பழைய ரயில் தடங்களில் நடையும் சைக்கிளும்: கேள்வி பதில்

திருமங்கலம் வாசகர்: தண்டவாளம் எடுத்த பழைய ரயில் தடத்தில் நடக்க ஆசை, ஐயா. நம் பக்கம் எங்கே போகலாம்?

நம் பக்கத்து மீட்டர் கேஜ் பாதைகள் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்டவை) பெரும்பாலும் அதே தடத்திலேயே அகலப்பாதைகளாக்கப்பட்டுவிட்டதால், கைவிடப்பட்ட தடம் கிடைப்பது அரிது. விதிவிலக்கு போடிக்கு மேலே மலையில் இருக்கிறது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், 1924 வெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் போடப்படவில்லை. அந்த ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குச் சென்றன. டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் மலைவழியை விரும்புகிறவர்கள் வனத்துறை அனுமதி பெறாமல் காலெடுத்து வைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

உசிலம்பட்டி வாசகர்: போடி ரயில் பாதையோரமாக நடக்கலாமா?

கூடாது. அது ரயில் ஓடும் பாதை. ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம்.

மேலூர் வாசகர்: சாலை இருக்க, ரயில் தடத்தில் சைக்கிள் விடுவதில் என்ன சிறப்பு?

ஏற்றம் மிக மென்மையாக இருக்கும். இரும்புச் சக்கரம் செங்குத்தில் ஏறாது என்பதால், அந்தக் காலப் பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தடத்தைச் சமன்செய்தார்கள். ஆனால், தண்டவாளத்தை எடுத்தவுடன் சைக்கிள் விட முடியாது. கிடக்கும் கருங்கல் ஜல்லி கூர்முனையோடு இருக்கும். டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் மிசௌரியில் சுமார் 380 கிலோமீட்டர் நீளும் கேட்டி என்ற பழைய ரயில் தடத்தில் பொடித்த சுண்ணாம்புக் கல்லைப் பரப்பியிருக்கிறார்கள்.

தேனி வாசகர்: மீட்டர் கேஜ் நின்ற பிறகு போடி தடம் 12 ஆண்டுகள் சும்மாதானே கிடந்தது? அதைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கலாமே!

ஆண்டிபட்டி வாசகர்: அப்படிச் செய்திருந்தால் ரயிலே திரும்பியிருக்காது. தேனிக்காரர் நகரவாசிபோலப் பேசுகிறார்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆண்டிபட்டிக்காரரின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது: 1928-இல் திறந்த இந்தப் பாதையின் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கப்பட்டு, 1950-களில்தான் திரும்ப வந்தன, அகலப்பாதை ரயில் போடியை அடைந்தது 2023-இல். இருப்பினும், நடைபாதை வந்தால் ரயில் வராது என்பது விதியல்ல. அமெரிக்காவில் 1983-இல் வந்த சட்டத்திருத்தம், தடத்தை நடைபாதையாகப் பயன்படுத்திக்கொண்டே எதிர்கால ரயிலுக்காகக் காத்துவைக்க வழிசெய்தது. அவ்வாறு காக்காவிட்டால் நிலம் துண்டுதுண்டாகப் பலர் கைக்குப் போய், பிறகு ரயிலுக்கும் உதவாது, நடைக்கும் உதவாது. ஆனால் அகலப்பாதைப் பணிக்கென்று மூடிய தடத்தில் பொக்லைனும் லாரியும் நடமாடும்போது சைக்கிள் விடச் சொல்வதை, தேனிக்காரர் மன்னிக்க, என்னால் ஏற்க முடியவில்லை.

ராமநாதபுரம் வாசகர்: தனுஷ்கோடி?

1964 டிசம்பர் புயலில் அழிந்த ரயில் நிலையத்தின் இடிபாடுகளைப் பார்க்கலாம். சுவர்களின் மேல் ஏறாதீர்கள்.

சோழவந்தான் வாசகர்: எங்கள் ஊர்த் தண்டவாளத்தில் அதிகாலையில் நடந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

ரயில் ஓட்டுநர் பார்ப்பார், ஆனால் அவரால் உடனே வண்டியை நிறுத்த முடியாது. உசிலம்பட்டிக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும். இதே கேள்வியை அனுப்பியுள்ள மற்றவர்களுக்குத் தனித்தனியே பதில் எழுதப்போவதில்லை.