மைல்ஸ் இல்லாவிட்டால் பெட்டி ஏது?

கேள்வி: சென்ற இதழில் பாடகி பெட்டி டேவிஸை வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். மைல்ஸ் டேவிஸ் என்ற ஜாஸ் ட்ரம்பெட் மேதையைக் கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் அந்தப் பெண்ணை யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆல்பத்தை அவரே உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்தார், வாசித்தவர்கள் எல்லாரும் ஜாம்பவான்கள். இத்தனையும் அமைந்தால் யார் வேண்டுமானாலும் பாடலாமே? அதிலும் அது பாட்டா, கத்தலா?
– ஒரு ஜாஸ் ரசிகர், கோயம்புத்தூர்

பதில்: மைல்ஸ் தயாரித்துக் கொடுத்தார் என்கிறீர்களே, அந்த ஆல்பம் எந்த வருஷம் கடைக்கு வந்தது தெரியுமா? 2016. பெரும்பகுதி பதிவானது 1969 மே மாதம். நடுவில் 47 வருஷம் அலமாரியில் தூங்கியது. அது வெளிவந்தபோது மைல்ஸ் இறந்தே கிட்டத்தட்ட 25 வருஷம் ஆகியிருந்தது. பெட்டிக்கு ரசிகர்களைச் சேர்த்த ஆல்பங்கள் 1973லும் 74லும் 75லும் வந்துவிட்டன. ஆக, யாரும் கேட்டே இராத ஒரு ஆல்பத்தால் அவர் பிரபலமானார் என்கிறீர்கள். கணக்கு உதைக்கிறதே ஐயா.

மேதையின் சிபாரிசுக்கு அவ்வளவு மவுசு இருந்திருந்தால், மைல்ஸ் வருஷக்கணக்காக இருந்த கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியே அந்தப் பதிவுகளை வேண்டாம் என்று சொல்லியிருக்குமா? அட்லாண்டிக் கம்பெனியும் கையை விரித்துவிட்டது. இத்தனைக்கும் அந்த அறைக்குள் இருந்தவர்களைப் பாருங்கள். தயாரிப்பு மைல்ஸும் டியோ மசெரோவும். கீபோர்டில் ஹெர்பி ஹான்காக், ஆர்கனில் லாரி யங், சாக்சபோனில் வெய்ன் ஷார்ட்டர். ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் டிரம்மர் மிட்ச் மிட்செல், பிற்பாடு ஹென்ட்ரிக்ஸோடு பேஸ் வாசித்த பில்லி காக்ஸ், அப்புறம் இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்து சில மாதங்களே ஆன ஜான் மெக்லாக்லின். (ஆமாம், சில வருஷம் கழித்து ‘சக்தி’ குழுவில் நம்ம விக்கு விநாயக்ராமின் கடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாரே, அதே மெக்லாக்லின்தான்.) இப்படி ஒரு பந்தி போட்டும் கம்பெனிக்காரர்கள் இலையில் கை வைக்கவில்லை.

நான் அந்த ஆல்பத்தை நாலைந்து முறை கேட்டிருக்கிறேன். உள்ளதைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்: அது சுமார்தான். க்ரீம் குழுவின் பாட்டு ஒன்று, க்ரீடன்ஸ் குழுவின் பாட்டு ஒன்று என்று பாதி அடுத்தவர் சரக்கு. வாசிப்பவர்கள் ஆளுக்கொரு யோசனையில் இருக்கிறார்கள். பெட்டி அந்த ஜமாவுக்கு நடுவே தன் சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவர் மாதிரி தயங்கித் தயங்கிப் பாடுகிறார். இடையிடையே மைல்ஸின் கரகரத்த குரல் இப்படிப் பாடு, அப்படிப் பாடு என்கிறது. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே ஒருமுறை கேட்கலாம், சரி. ஆனால் ஊரே கூடித் தேர் இழுத்திருக்கிறார்கள், தேர் நிலைக்கு வந்து சேரவில்லை. நீங்கள் சொல்வதுபோலக் கூட்டணிதான் எல்லாம் என்றால் அவர் செய்ததிலேயே சிறந்தது இதுவாக இருந்திருக்க வேண்டும். என் காதுக்கு, இருப்பதிலேயே சோடையானது இது.

மைல்ஸ் வருவதற்கு முன்னால் அவர் சும்மா இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. வட கரோலினாவின் டர்ஹமில் பெட்டி மாப்ரியாகப் பிறந்து, பாட்டியின் பண்ணையில் ப்ளூஸ் இசைத்தட்டுகளோடு வளர்ந்து, அப்பாவுக்கு இரும்பாலை வேலை என்பதால் பிட்ஸ்பர்க் பக்கம் குடும்பம் நகர, பதினாறு பதினேழு வயதில் தனியாக நியூயார்க் கிளம்பிப் போன பெண். அங்கே ஃபேஷன் படிப்பு, மாடலிங், ராத்திரியானால் கிளப்புகள். 1967இல் சேம்பர்ஸ் பிரதர்ஸ் பாடிய ‘அப்டவுன்’ பாட்டை எழுதியவர் இவர்தான். தென்னாப்பிரிக்க ட்ரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலா இசையமைப்பில், 1968இல் கொலம்பியாவிலேயே தன் பெயரில் ஒரு சிங்கிள் போட்டாயிற்று. கல்யாணம் நடந்தது அதே 1968 செப்டம்பரில். அடுத்த வருஷமே பிரிந்துவிட்டார்கள். மைல்ஸின் முன்கோபமும் அடிதடியும்தான் காரணம் என்று பெட்டியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேதை என்று நீங்கள் உருகுகிற ஆளின் வீட்டுக்குள் இதுவும் நடந்தது, அதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

உங்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் சுவாரசியம்: பெட்டி இல்லாவிட்டால் 1969க்கு அப்புறமான மைல்ஸ் எப்படி இருந்திருப்பார்? கோட்டு சூட்டோடு மேடையேறிக்கொண்டிருந்தவருக்கு உடுப்பை மாற்றியது இவர். ஹென்ட்ரிக்ஸையும் ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோனையும் கேட்க வைத்தது இவர். மைல்ஸின் ‘ஃபிய் த கிலிமஞ்சாரோ’ இசைத்தட்டின் அட்டையில் இருப்பது பெட்டியின் முகம், உள்ளே ‘மத்மோசேல் மாப்ரி’ என்று அவர் பெயரிலேயே ஒரு உருப்படி. ஜாஸை ராக் பக்கம் தள்ளிய அந்தப் பிரசித்தி பெற்ற இரட்டை ஆல்பத்துக்கு மைல்ஸ் ‘விட்ச்சஸ் ப்ரூ’ என்றுதான் பெயர் யோசித்தாராம், அந்த ‘வி’யை ‘பி’யாக்கச் சொன்னவர் பெட்டி என்பது ஜாஸ் வட்டாரத்தில் பழைய கதை. அதன் பதிவு 1969 ஆகஸ்ட், அதாவது பெட்டியின் பதிவுகள் முடிந்து சரியாக மூன்று மாதம். அந்த மே மாத அமர்வில் மைல்ஸ் என்ன தேடிக்கொண்டிருந்தார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனைவிக்கு ஆல்பம் போடுகிறேன் என்று தனக்கும் ஒரு ஒத்திகை பார்த்துக்கொண்டார் என்பது என் சந்தேகம், நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை, காதில் பட்டதைச் சொல்கிறேன். பெட்டியால் தன் இசை மாறியது என்பதை மட்டும் மைல்ஸ் மறைக்கவில்லை, 1989இல் வந்த சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனி நிஜமான ஆல்பத்துக்கு வருவோம். விவாகரத்துக்குப் பிறகு லண்டன் பக்கம் இருந்தபோது, எரிக் கிளாப்டன் நான் தயாரித்துத் தருகிறேன் என்று வந்திருக்கிறார். பெட்டி வேண்டாம் என்றுவிட்டார். பிரபலத்தின் தோளில் ஏறித்தான் வந்தார் என்கிறீர்களே, கிளாப்டனின் தோளை வேண்டாம் என்ற ஆள் ஐயா அது! நேராக சான் ஃபிரான்சிஸ்கோ போனார். ஸ்லை ஸ்டோன் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிரெக் எரிக்கோவைத் தயாரிப்பாளராகப் பிடித்தார். அதே குழுவின் லாரி கிரஹாமை, பேஸ் கிடார் கம்பியைக் கட்டைவிரலால் தட்டி வாசிக்கிற பாணிக்குத் தகப்பன் என்று சொல்லப்படுகிறவரை, உட்கார வைத்தார். பின்பாட்டுக்கு பாய்ன்டர் சிஸ்டர்ஸ், சில்வெஸ்டர். பாட்டு, சொல் எல்லாம் பெட்டி. 1973இல் வெளிவந்தது, வெறுமனே ‘பெட்டி டேவிஸ்’ என்ற பெயரில்.

அதில் முதல் பாட்டு ஆரம்பித்துப் பத்து விநாடிக்குள் நீங்கள் ‘கத்தல்’ என்று சொல்வது என்னவென்று புரிந்துவிடும். உறுமுகிறார், கீறுகிறார், கொஞ்சுகிறார், சட்டென்று எகிறுகிறார். சுருதி சுத்தமாக இழைத்துப் பாடும் அரீத்தா ஃபிராங்க்ளின் வகைக் குரல் அவருக்கு இல்லைதான். ஆனால் ஃபங்க் இசையில் தாளம்தான் ராஜா. கிடாரும் பேஸும் டிரம்ஸும் எல்லாமே ஒருவகையில் தட்டு வாத்தியமாகிவிடும், அதற்குள் குரலும் இன்னொரு தட்டாக விழ வேண்டும். பெட்டி சொல்லை அடிக்கிற இடம் அப்படி விழுகிறது. ஜேம்ஸ் பிரவுன் கத்தினால் அதை ஆவேசம் என்கிறோம். ஒரு பெண் அதையே செய்தால் உங்களுக்குக் காது வலிக்கிறது, என்ன செய்ய?

அடுத்த வருஷம் வந்த ‘தே ஸே ஐம் டிஃபரன்ட்’ ஆல்பத்துக்குத் தயாரிப்பாளரும் அவரே. அந்தத் தலைப்புப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொடியைக் குதப்பித் துப்பிவிட்டு ப்ளூஸ் பாடகர் எல்மோர் ஜேம்ஸ் பாட்டுக்கு ஆடுகிற கொள்ளுப்பாட்டி அதில் வருகிறாள். கள்ளச்சாராயமும் கையுமாக பி.பி. கிங் பாட்டுக்கு ஆடுகிற கொள்ளுத்தாத்தா வருகிறார். நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று கேட்கிறீர்களே, என் வம்சமே இப்படித்தான் என்று பெட்டி சொல்கிற பதில் அது. அந்த வம்சாவளியில் மைல்ஸ் டேவிஸ் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், மைல்ஸோடு பெட்டி சேர்ந்து உருவாக்கிய உருப்படியான பாட்டு ஒன்று உண்டு, அது விவாகரத்துக்கு ஆறு வருஷம் கழித்து. 1975இல் ஐலண்ட் கம்பெனிக்காகச் செய்த ‘நாஸ்டி கேல்’ ஆல்பத்தில் ‘யூ அண்ட் ஐ’. பாட்டை இருவரும் சேர்ந்து எழுத, இசைக்கோப்பு கில் எவன்ஸ். உறுமலெல்லாம் அடங்கிய மெல்லிய குரல், பின்னால் ஊதுகருவிகள் மெதுவாக விரிகின்றன. அவருக்குப் பாடத் தெரியாது என்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் பேசலாம். 1969இல் ஒரு பட்டாளத்தையே திரட்டிக் கிடைக்காதது இதில் கிடைத்ததற்குக் காரணம், இம்முறை ஆல்பம் பெட்டியுடையது, மைல்ஸ் விருந்தாளி.

விற்பனையைப் பற்றிக் கேட்டால் நான் மழுப்பப் போவதில்லை. மூன்று ஆல்பமும் பெரிதாகப் போகவில்லை. வானொலிகள் ஒதுக்கின, கருப்பின முன்னேற்றச் சங்கமான என்ஏஏசிபியே அவர் பாட்டுக்கு எதிர்ப்புத் தெரிவித்தது, எங்கள் பெண்களுக்கு இது அவமானம் என்கிற தோரணையில். 1976இல் லூசியானாவின் போகலூசாவில் பதிவு செய்த நாலாவது ஆல்பத்தை வெளியிடாமலேயே விட்டுவிட்டார்கள், அது 2009இல்தான் வந்தது. பெட்டியின் பாட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, எழுதியும்விட்டேன், மன்னியுங்கள். 1980இல் அப்பா காலமான பிறகு பிட்ஸ்பர்க் பக்கமே ஒதுங்கிவிட்டார். பேட்டி கிடையாது, மேடை கிடையாது, கிட்டத்தட்ட முப்பது வருஷம். பழைய ஆல்பங்கள் 2007இல் மறுபடி அச்சானபோதுதான் ஒரு புதிய தலைமுறை யார் இது என்று கேட்டது. 2022 பிப்ரவரியில், 77 வயதில், ஹோம்ஸ்டெட்டில் காலமானார், அவருடைய அப்பா காலத்து இரும்பாலை ஊர்.

உங்கள் கேள்வியில் ஒரே ஒரு பாதி சரி. டேவிஸ் என்ற பெயரை அவர் கடைசிவரை விடவில்லை, அந்தப் பெயரைப் பார்த்து ஆல்பத்தைக் கையில் எடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். நீங்களே அப்படித்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதுவும் 2016 ஆல்பத்தை. அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு 1973ஐப் போடுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி. அப்புறமும் கத்தல்தான் என்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். வீட்டில் இங்கிலீஷ் புரிகிற பெரியவர்கள் இருந்தால் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.