ஃப்ரிட்ஜ் தானே சொல்லும் கோளாறு

கேள்வி: எங்கள் ஃப்ரிட்ஜின் டிஸ்ப்ளேயில் திடீரென்று ஓர் எரர் கோட் வந்தது. மெக்கானிக் பார்த்ததும் 'சென்சார் போச்சு' என்றார். திறக்காமலே ஃப்ரிட்ஜுக்கு அது எப்படித் தெரிகிறது? நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் பாதிதான். உள்ளே இருக்கும் சென்சார் ஒரு தெர்மிஸ்டர், குளிர் கூடக் கூட அதன் மின்தடை ஏறும். கன்ட்ரோல் போர்டு பெரும்பாலும் 5 வோல்ட்டை இன்னொரு ரெசிஸ்டர் வழியாக அதற்குக் கொடுத்து, நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். வயர் அறுந்தால் முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும், ஷார்ட் ஆனால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இரண்டுமே எந்தக் குளிரிலும் வர முடியாத அளவு என்பதால் போர்டு உடனே கோட் காட்டிவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். அந்தக் கோட் சொல்வது 'இந்தப் பாதையில் கோளாறு' என்று மட்டுமே. ஈரம் பட்டு கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்தாலும் அதே கோட் வரும், அதனால் சென்சாரை மாற்றுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிப் பார்த்து, மல்டிமீட்டரில் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். நான் இதை வற்புறுத்திச் சொல்வேன், நல்ல பாகத்தைத் தூக்கி எறிவது அநியாயம்.

கேஸ் கசிவு வேறு விஷயம். வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பொதுவாக அதை நேரடியாக அறிய சென்சார் கிடையாது, கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடியும் குளிரவில்லையே என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அப்புறம், பிளக்கைப் பிடுங்கும் முன் அந்த எரர் கோடைப் படம் எடுத்து வையுங்கள். சில மாடல்களில் கரண்ட் போனதும் அது அழிந்துவிடும்.