பழைய இரும்பை உருக்கினாலே ஒரு நாட்டின் எஃகுத் துறை தூய்மையாகிவிடுமா?

பெருமளவு ஆகும், முழுதாக ஆகாது. தாதுவிலிருந்து இரும்பெடுக்கும் ஊதுலையில் கரி வெறும் எரிபொருள் அல்ல. தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதும் அதுதான். அதனால் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. மின்சாரத்தால் சூடேறும் மின்வில் உலையில் பழைய இரும்பை உருக்கும்போது அந்த வேலையே இல்லை. பிரிட்டனின் போர்ட் டால்பாட் ஆலை 2024 செப்டம்பரில் கடைசி ஊதுலையை அணைத்துவிட்டு இந்த வழிக்குத்தான் மாறுகிறது.

சிக்கல் செம்பில் இருக்கிறது. நசுக்கிய காரோடு மோட்டாரின் செம்புக் கம்பியும் உருகிக் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது கிட்டத்தட்ட இயலாது; சூட்டோடு உருட்டும்போது தகட்டின் மேற்பரப்பில் வெடிப்பு விழும். ஆகவே உலைக்குச் செலவழிக்கும் அக்கறையைத் தரம்பிரிக்கும் இடத்திலும் காட்டியே ஆக வேண்டும். பழைய இரும்பு போதாத அளவுக்கு, கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து எடுத்த இரும்பைச் சேர்க்கலாம். ஆனால் மின்சாரமே நிலக்கரியிலிருந்து வந்தால் பழைய இரும்பை உருக்கும் பலனில் ஒரு பகுதி கரைந்துபோகும்; ஹைட்ரஜன் வழியின் பலன் முழுதுமே போய்விடும்.