பாட்டிலில் ரோஸ்மேரி எவ்வளவு?

வாசகர் கேள்விகளில் இந்த முறை ரோஸ்மேரிதான் முன்வரிசையில் நிற்கிறது. மத்தியதரைக் கடலோரத்துப் பாறை மண்ணில் தானாக வளரும் புதர்ச்செடி இது. துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். நமக்குப் பக்கத்தில் நீலகிரியில் பயிராகிறது. சென்னையில் இதைத் தேடுபவர்களில் பெரும்பாலானோர் தலைமுடிக்காகத் தேடுகிறார்கள், அதனால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: முடி கொட்டுகிறது என்று ரோஸ்மேரி எண்ணெய் வாங்கப் பார்த்தேன். ஒரு பாட்டில் 100 மி.லி. 180 ரூபாய், இன்னொன்று 15 மி.லி. 400 ரூபாய். இரண்டிலும் ‘ரோஸ்மேரி ஆயில்’ என்றே போட்டிருக்கிறது. எது அசல்? (வாசகி, மடிப்பாக்கம்)

இரண்டுமே அசலாக இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சரக்கு இல்லை.

சின்ன பாட்டில் எசென்ஷியல் ஆயிலாக இருக்க வேண்டும். இலையை நீராவியில் காய்ச்சி வடித்து எடுப்பது அது. 100 கிலோ இலையைக் காய்ச்சினால் சுமார் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும், பல நேரம் அதற்கும் குறைவு. விலைக்குக் காரணம் அதுதான். பெரிய பாட்டில் சாதாரணத் தலையெண்ணெய். தேங்காய் எண்ணெயோ மினரல் ஆயிலோ அடிப்படையாக இருக்க, அதில் கொஞ்சம் ரோஸ்மேரி சேர்த்திருப்பார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதுதான் விஷயம். முன்பக்கத்து இலைப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அதிகம் உள்ள பொருள் முதலில் வரும். ‘ரோஸ்மரினஸ் அஃபிசினாலிஸ் லீஃப் ஆயில்’ என்ற பெயர் பட்டியலின் வாலில், ‘பர்ஃப்யூம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்க்கும் வாசனைக்கும்தான். அந்தப் பெயரே இல்லாமல் ‘ஃப்ரேக்ரன்ஸ்’ மட்டும் இருந்தால் அதில் ரோஸ்மேரி இருப்பதாக நினைக்க வேண்டாம்.

சின்ன பாட்டிலிலும் ஏமாற இடமுண்டு. ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தாளில் விட்டுக் காத்திருங்கள். சுத்தமான எசென்ஷியல் ஆயில் ஆவியாகிப் போய்விடும். பஜ்ஜி மடித்த தாள் மாதிரி எண்ணெய்க்கறை அப்படியே நின்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. ஆனால் யூகலிப்டஸ் தைலம் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது, அதுவும் ஆவியாகிவிடும். ரோஸ்மேரியிலும் யூகலிப்டஸிலும் சினியோல் என்ற ஒரே பொருள் இருப்பதால் மூக்கும் ஏமாறும். அதனால்தான் இந்தக் கலப்படம் சுலபம். நல்ல விற்பனையாளர்கள் அந்தந்த பேட்சுக்கு ‘ஜி.சி.எம்.எஸ்.’ எனப்படும் ஆய்வக அறிக்கை வைத்திருப்பார்கள். கேளுங்கள். அறிக்கையில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். பழைய அறிக்கை ஒன்றையே எல்லோருக்கும் அனுப்பும் ஆட்கள் உண்டு.

சரி, முடி வளருமா? எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஈரானில் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு. 100 பேரில் பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், பாதிப் பேருக்கு 2% மினாக்சிடில் என்ற, முடி வளரத் தலையில் தடவும் மருந்து. மூன்றாவது மாதம் இரு தரப்பிலும் சொல்லும்படி மாற்றமில்லை. ஆறாவது மாதம் இரு தரப்பிலும் முடியின் எண்ணிக்கை கூடியிருந்தது. விளம்பரங்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆய்வு சிறியது, ஒன்றுமே தடவாத மூன்றாவது குழு அதில் இல்லை, பரம்பரை வழுக்கைக்காரர்களை மட்டுமே பார்த்தது. பிரசவத்துக்குப் பின் கொட்டுவது, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு இவற்றுக்கெல்லாம் இந்த ஆய்வு பதில் சொல்லவில்லை. கொத்துக் கொத்தாகக் கொட்டினால் 400 ரூபாயை ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பது என் கணக்கில் லாபம். ‘15 நாளில் புது முடி’ என்று எழுதியிருக்கும் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

வாங்கினால், எசென்ஷியல் ஆயிலை நேரடியாகத் தலையில் ஊற்றக் கூடாது. 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு ஆறு சொட்டு போதும், அதுவே ஒரு சதவீதம். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் இதன் பக்கம் போக வேண்டாம். அப்புறம், இதைக் குடிக்கவே கூடாது.

‘ரோஸ்மேரி வாட்டர்’ ஸ்பிரே பற்றியும் கேட்டிருந்தீர்கள். இலையை வேகவைத்த தண்ணீர்தான் அது. மேலே சொன்ன ஆய்வு எண்ணெயில் நடந்தது, தண்ணீரில் அல்ல. ஆசையாக இருந்தால் வீட்டிலேயே காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நர்சரியில் 120 ரூபாய்க்கு ரோஸ்மேரி செடி வாங்கினேன். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் மூன்றாவது வாரம் காய்ந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (வாசகர், அண்ணா நகர்)

தினமும் தண்ணீர் ஊற்றியதால்தான் காய்ந்தது. வேர் அழுகினால் செடியால் தண்ணீரை இழுக்க முடியாது, இலை காய்ந்து கொட்டும். பார்ப்பவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு குவளை ஊற்றுவார். சென்னையில் ரோஸ்மேரி சாவது பெரும்பாலும் இப்படித்தான். வெயிலை அது தாங்கும். ஈரமான வேரையும் புழுக்கமான காற்றையும்தான் தாங்காது.

வாங்கும்போதே பாதி வேலை முடிய வேண்டும். இந்தச் செடிகள் பல நேரம் மலைப்பகுதி, பெங்களூர் நர்சரிகளிலிருந்து தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பையில் லாரியில் வந்து இறங்குகின்றன. அன்று இறங்கிய பசுமையான செடியைவிட, இங்கேயே சில வாரம் வெயிலில் நின்று நுனியில் புதுத் தளிர் விட்டிருக்கும் செடி மேல். பையை மெல்ல அழுத்துங்கள். தண்ணீர் ஒழுகினாலோ புளித்த வாடை வந்தாலோ வேண்டாம். அடித்தண்டு கொஞ்சம் மரத்தன்மையோடு இருக்கட்டும். இலையின் மேல் சாம்பல் பூசினாற்போல் இருந்தால் பூஞ்சை. கணுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மாவுப்பூச்சி.

வீட்டுக்கு வந்ததும் சில நாள் பழகவிட்டு, மண் தொட்டிக்கு மாற்றுங்கள். நார்த்தூளை முடிந்த மட்டும் வேரிலிருந்து உதிர்த்துவிடுங்கள். தொட்டி மண்ணில் பாதி அளவு பெருமணல் இருக்கலாம், மீதி செம்மண்ணும் கொஞ்சம் மண்புழு உரமும். அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும், தட்டு வைக்க வேண்டாம். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. ஆறு மணி நேர வெயில் வேண்டும், அக்னி நட்சத்திரத்தில் மட்டும் பிற்பகல் வெயிலுக்கு ஒரு மறைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் செடியை சன்ஷேடு அடியில், வெளிச்சமும் காற்றும் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். மொட்டை மாடியில் மழையில் விட்டால் தை மாதம் தொட்டி மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு செடி பிழைத்துவிட்டால் காப்புக்கு இன்னொன்று செய்துகொள்ளுங்கள். பூக்காத இளந்தண்டாக விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் செருகினால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர்விடும். மழை முடிந்த மார்கழி, தை அதற்கு நல்ல காலம். நுனியை அடிக்கடி கிள்ளலாம். இலையே இல்லாத பழைய கட்டைவரை வெட்டினால் மறுபடி துளிர்ப்பது சந்தேகம்.

மாற்றித் தருவது பற்றி: செடி உங்கள் கையில் மூன்று வாரம் இருந்த பிறகு, குறை வாங்கும்போதே இருந்தது என்று நிரூபிப்பது கஷ்டம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் எப்படி ஊற்றுவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: இங்கிலீஷ் காய்கறிக் கடையில் ஒரு கட்டு ரோஸ்மேரி வாங்கி, கறிவேப்பிலை போல உருவி சாம்பாரில் போட்டேன். யாரும் சாப்பிடவில்லை, தைலம் வாசனை என்கிறார்கள். (வாசகி, மயிலாப்பூர்)

அவர்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. சினியோலும் கற்பூரமும் உள்ள இலை அது. புளியும் பருப்பும் அதற்குச் சேராது. எண்ணெய், வெண்ணெய், உருளைக்கிழங்கு, பூண்டு, ஆட்டுக்கறி, கோழி, ரொட்டி இவைதான் அதன் கூட்டாளிகள். இத்தாலிக்காரர்கள் ஃபொக்காச்சா ரொட்டியின் மேல் ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் இதையும் தூவிச் சுடுவார்கள்.

மீதிக் கட்டை இப்படித் தீர்க்கலாம். அரை கிலோ சின்ன உருளையை முக்கால் பதம் வேகவைத்து, தோலோடு லேசாக நசுக்கிக்கொள்ளுங்கள். இரும்புத் தோசைக்கல்லில் தாராளமாக எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டும் ஒரே ஒரு விரல்நீளக் காம்பின் இலையும் போட்டு, வாசம் கிளம்பியதும் உருளையைப் பரப்புங்கள். மொறுமொறுவென ஆனதும் உப்பு, மிளகு. இலையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் ஊசி போல வாயில் குத்தும். காய்ந்த இலையாக இருந்தால் பச்சை இலையின் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் கையால் நொறுக்கி.

பாக்கெட்டில் காய்ந்த இலை வாங்கும்போது பச்சையும் சாம்பலும் கலந்த நிறம் இருக்கட்டும். பழுப்பாகிவிட்டால் பழைய சரக்கு. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும், அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், தேதியும் இருக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் தலைக்குத் தேய்க்க என்று உதிரியாக விற்பதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பச்சை இலையை எண்ணெயில் ஊறப்போட்டு அடுப்படியில் வாரக்கணக்கில் வைப்பதும் ஆபத்து, காற்றில்லாத ஈரத்தில் நச்சுக் கிருமி வளரலாம்.

கேள்வி: ரோஸ்மேரி டீ ஞாபக சக்திக்கும் செரிமானத்துக்கும் நல்லது என்று 50 கிராம் 350 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தாம்பரம்)

செரிமானத்துக்கு ஓரளவு சரி. உப்புசம், லேசான வயிற்றுப் பிடிப்பு ஆகியவற்றுக்கு இலையின் மரபுவழிப் பயன்பாட்டை ஐரோப்பிய மருந்துகள் முகமை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் நெடுங்காலப் பழக்கத்தின் அடிப்படையில் மட்டுமே. அளவு, 150 மி.லி. கொதிநீருக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் இலை. பித்தப்பையில் கல் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலோ டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கும் வேண்டாம்.

ஞாபக சக்தி பழைய ஐரோப்பிய நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25 அன்று போரில் இறந்தவர்களை நினைத்து ரோஸ்மேரிக் கொத்தைச் சட்டையில் செருகிக்கொள்வார்கள். அழகான வழக்கம். பரீட்சைக்கு முன் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்க அது காரணம் ஆகாது. டீ என்று தனியாக வாங்கவும் வேண்டாம். சமையலுக்கு விற்கும் காய்ந்த இலையும் அதே இலைதான், விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘ரோஸ்மேரி விதை, 100% முளைப்பு’ என்று வாங்கினேன். முளைத்த ஒன்றிரண்டும் வேறு ஏதோ செடி. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, பெரம்பூர்)

ரோஸ்மேரி விதை இயல்பிலேயே மெதுவாக, குறைவாகத்தான் முளைக்கும். 100% என்ற வாக்குறுதியே சந்தேகத்துக்குரியது. செடியாக வாங்குவதுதான் நல்லது. உங்கள் பிரச்சினையில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுதுங்கள், ஃபோனில் பேசி விட்டுவிடாதீர்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ‘100% முளைப்பு’ என்று போட்ட அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் போனதும் அந்த வரி காணாமல் போய்விடும்.