புது லேப்டாப்பை அழித்துவிட்டு விண்டோஸ் போட வேண்டுமா?

கேள்வி: விண்டோஸ் 11 உடன் புது லேப்டாப் வாங்கியிருக்கிறேன். வேண்டாத மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன, வேகமும் குறைவாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறார் நண்பர். தனிக் கட்டணத்துக்குச் செய்து தருவதாகக் கடையிலும் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பெட்டியைப் பிரித்து முதல்முறை இயக்கியது நீங்கள்தான் என்றால், இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கட்டும்.

முதல் ஓரிரு நாள் வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இணையத்தில் சேர்ந்ததும் அப்டேட்டுகள், டிரைவர்கள் (வன்பொருள்களை இயக்கும் மென்பொருள்கள்), செயலிகள் எல்லாம் பின்னணியில் இறங்கிக்கொண்டே இருக்கும். சார்ஜரில் போட்டு அவை முடியும்வரை விடுங்கள். ரீஸ்டார்ட் கேட்டால் செய்யுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் வேண்டாதவற்றை நீக்குங்கள். சோதனைக்காலத்துக்கு மட்டும் வந்த ஆன்டிவைரஸை முதலில் எடுங்கள். அது போனதும் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். தயாரிப்பாளரின் அப்டேட் மென்பொருளை மட்டும் விட்டுவையுங்கள்.

கூடவே வரும் மென்பொருள்களை நம்பாமல் அழிக்கச் சொல்லும் நண்பரின் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். 2014-இல் லெனோவோ தன் சில மாடல்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைச் சேர்த்து விற்றது. பூட்டுக்குறி உள்ள பாதுகாப்பான இணையதளங்களின் இணைப்பிலும் அது இடையில் புகுந்தது. 2015-இல் விஷயம் அம்பலமாகிப் பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகும், முழு விலை கொடுத்து வாங்குகிறவர் தலையில் விளம்பரக் குப்பையைக் கட்டும் பழக்கத்தைத் தயாரிப்பாளர்கள் விட்டபாடில்லை. ஆனால் அந்தக் குப்பையை நீங்களே உட்கார்ந்து நீக்கிவிடலாம். கடைக்காரர் போட்டுத் தரும் விண்டோஸில் என்ன இருக்கிறது என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

இதைக் கவனமாகக் கேளுங்கள். விண்டோஸுடன் வந்த லேப்டாப்பில் அதன் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே எடிஷனை (ஹோம், ப்ரோ என்ற வகைகளில் எது வந்ததோ அதை) திரும்பப் போட்டால், இணையத்தில் சேர்ந்ததும் உரிமம் சரிபார்க்கப்பட்டு ஆக்டிவேட் ஆகிவிடும். 'கீ-க்குத் தனிக் காசு' (கீ என்பது உரிம எண்) என்று யாராவது கேட்டால் அது ஏமாற்று. இன்னொரு வேலையும் செய்வார்கள்: ஹோம் எடிஷனோடு வந்த லேப்டாப்பில் ப்ரோ எடிஷனைப் போட்டு, ஆக்டிவேட்டர் என்ற திருட்டு மென்பொருளை ஓட்டிவிடுவார்கள். அதை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை அணைப்பார்கள். அதைப் பார்த்தால் அங்கேயே லேப்டாப்பைத் திரும்ப வாங்கிவிடுங்கள். நேர்மையான உரிமத்தோடு வந்த பொருளைத் திருட்டுப் பொருளாக்கி, அதற்குக் கூலியும் வாங்குகிறார்கள்.

கட்டாயம் அழிக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது: உங்களுக்கு முன் யாராவது அதை இயக்கியிருந்தால். புது லேப்டாப் முதல்முறை இயங்கும்போது நாடு, கீபோர்டு, வைஃபை, கணக்கு என்று வரிசையாகக் கேட்கும். எதுவும் கேட்காமல் நேராக டெஸ்க்டாப் வந்தால், யாரோ ஏற்கெனவே கை வைத்திருக்கிறார்கள். 'உங்களுக்காக செட் செய்து வைத்தேன்' என்று அன்பாகச் சொன்னாலும் சரி, ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்த பொருளானாலும் சரி, அழித்துவிடுங்கள். செட்டிங்ஸில் ரிகவரி பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கும். அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்', அடுத்து 'கிளவுட் டவுன்லோட்' கொடுங்கள். ஏறத்தாழ 4 ஜிபி இறங்கும். வருவது மைக்ரோசாஃப்ட்டிலிருந்து நேராக வரும் விண்டோஸ். இதற்குக் கடை வேண்டாம், பென்டிரைவும் வேண்டாம். லேப்டாப்போடு ஆபீஸ் சேர்ந்து வந்திருந்தால் மட்டும், முன்னதாகவே அதை உங்கள் கணக்கில் ஆக்டிவேட் செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க்கைத் தானாக என்க்ரிப்ட் செய்துவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க ரிகவரி கீ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர் தன் கணக்கில் செட் செய்திருந்தால் உங்கள் டிஸ்க்கின் சாவி அவரிடம்! பயனாளரை உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. மைக்ரோசாஃப்ட் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகிறது. பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு ஒருநாள் நீலத்திரை அந்த எண்ணைக் கேட்கும்போதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. எண் இல்லையென்றால் கோப்புகள் திரும்பக் கிடைக்காது. எனவே இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ரிகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.