போலித்தேள் கேள்வி பதில்

போலித்தேளை, அதாவது தேள் போல இடுக்கிக் கை உள்ள, வாலில்லாத சிற்றுயிரைப் பற்றி எழுதியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மோல்மேனிலிருந்து: ஐயா, எங்கள் சங்கத்து நூலக அலமாரியைத் தட்டும்போது அரிசியில் பாதிகூட இல்லாத ஒன்று, தேள் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்பக்கமாக ஓடியது. வாலைக் காணோம். கொட்டுமா?

கொட்டாது. கொட்டுவதற்கு வாலே இல்லையே. பெரும்பாலானவற்றுக்கு இடுக்கி விரலில் நஞ்சு உண்டு. ஆனால் அது தம்மினும் சிறிய பூச்சிகளுக்கு. நம்மை ஒன்றும் செய்யாது. அலமாரியில் புத்தகப் பேன் தின்ன வந்திருக்கும், விட்டுவிடுங்கள். உண்ணியோ என்று பயந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அதில் வெட்கம் வேண்டாம். உயிர்களுக்கு லத்தீன் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே 1758இல் வீடுகளில் திரியும் ஒரு போலித்தேளை உண்ணிகளோடு சேர்த்து ‘அகாரஸ்’ என்றுதான் பெயரிட்டார். இன்று அது ‘கெலிஃபர் கேன்கிராய்டஸ்’.

ரங்கூனிலிருந்து ஒரு மாணவி: நான் பிடித்தது புது இனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது, அண்ணா?

முதலில் அது வளர்ந்ததா என்று பாரம்மா. நுண்ணோக்கியில் இடுக்கியை வைத்தால் மற்ற மயிர்களைவிட நீண்டு மெலிந்த சில உணர்மயிர்கள் தெரியும். லேசாகக் காற்றுப் பட்டாலே ஆடும். வளர்ந்த போலித்தேளுக்குப் பெரும்பாலும் அசையாத விரலில் 8, அசையும் விரலில் 4 இருக்கும். குஞ்சுப் பருவம் மூன்று: முதலாவதில் 3-ம் 1-ம், அடுத்ததில் 6-ம் 2-ம், மூன்றாவதில் 7-ம் 3-ம். ஆகவே மொத்தம் பத்துதான் இருக்கிறது, புது இனம் கிடைத்துவிட்டது என்று துள்ளவேண்டாம். அது இன்னும் ஒரு தடவை தோல் உரிக்கவேண்டிய பிள்ளையாக இருக்கலாம்.

எண்ணிக்கையைவிட, மயிர் நிற்கும் இடம் முக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. 1931இல் அமெரிக்கர் ஜோசப் சேம்பர்லின் வெளியிட்ட முறையின் வழியில்தான் இன்றும் எழுதுகிறோம். இரண்டு மயிர்கள் ஒட்டி நிற்கின்றனவா, ஒன்று நுனிப்பக்கம் தள்ளிப் போயிருக்கிறதா என்பதிலேயே இனம் மாறிவிடும். அப்புறம் கையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், விரலில் உள்ள பற்கள், ஆண் பெண் உறுப்பமைப்பு எல்லாம் வரும். லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்தால் உடல் தெளிந்து உள்ளமைப்பு தெரியும், அவசரப்பட்டால் கெடும்.

இதெல்லாம் பாதி வேலைதான். மீதிப் பாதி, பழைய பெயர் எதற்கும் இது பொருந்தவில்லை என்று காட்டுவது. நம் பர்மாவில் எல்லோரும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

தட்டோனிலிருந்து: அப்படியானால் பர்மாவில் ஏற்கனவே யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா?

இத்தாலியர் லியோனார்டோ ஃபேயா 1885 முதல் 1889 வரை இங்கே சுற்றிச் சேகரித்தார். அவர் அனுப்பியவற்றை வைத்து ஸ்வீடனின் தாமெர்லான் தொரெல் 1889இல் பர்மாப் போலித்தேள்களை விவரித்தார். சேம்பர்லினுக்கு 40 ஆண்டுக்கு மேல் முந்தியது அது. நிறம், அளவு, கையின் வடிவம் பற்றிப் படிக்கலாம். உணர்மயிர் வரைபடத்தை எதிர்பார்க்க முடியாது. சந்தேகம் வந்தால் இத்தாலியின் ஜெனோவா அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல மாதிரியை, அதாவது பெயர் சூட்ட அடிப்படையான அதே உயிரியைப் பார்த்துத்தான் தீரவேண்டும். புதிதாக மூன்று பெயர் சூட்டுபவரைவிட, இந்தப் பழைய பெயர்களில் ஒன்றை எடுத்து, படம் போட்டு, ஒழுங்காக மறுபடி விவரிப்பவரைத்தான் நான் பெரிய ஆள் என்பேன். அவருக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், அது வேறு விஷயம்.

மாந்தளையிலிருந்து: ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்டில் வாங்கிய அம்பர் (கல்லாகிப்போன மரப்பிசின்) பதக்கத்துக்குள் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் வைக்க முடியுமா?

நிஜ அம்பர்தானா என்று முதலில் சோதியுங்கள். கச்சின் அம்பர் என்றால் சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமை. பர்மா அம்பரில் கிடைத்த போலித்தேளுக்கு 1917இலேயே காக்கரெல் ‘எலெக்ட்ரோபிசியம்’ என்று பெயர் வைத்துவிட்டார். அப்போது அதன் உண்மையான வயது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. புது இனத்தை வெளியிடும்போது மூல மாதிரி எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று எழுதியாக வேண்டும். உங்கள் கழுத்தில் இருக்கிறது என்றால் நல்ல இதழ் எதுவும் ஏற்பது சந்தேகம். இன்னொன்று: கச்சினில் இந்த அம்பர் தோண்டும் ஹுக்காங் சுரங்கங்களைச் சுற்றி நடக்கும் சண்டை நமக்குத் தெரியாததா? 2017 ஜூனுக்குப் பிறகு வாங்கிய பர்மா அம்பர்ப் புதைபடிவங்களை வெளியிடவேண்டாம் என்று 2020இல் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் இதழ்களைக் கேட்டுக்கொண்டது. வாங்கிய தேதியைக் காட்ட ரசீது இருக்கிறதா பாருங்கள்.

பெயர் குறிப்பிடாதவர்: என் அப்பாயி பெயரை வைக்கலாமா? முகநூலில் போட்டால் போதுமா?

அப்பாயி பெயரைத் தாராளமாக வைக்கலாம். லத்தீன் முறையில் பெண்பால் விகுதி சேர்க்கவேண்டும். உங்கள் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் சிரிப்பார்கள். முகநூலில் போட்ட பெயர் செல்லாது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் 2012 முதல் செல்லும், அதுவும் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவு செய்திருந்தால்.

பெகுவிலிருந்து: எங்கே தேடுவது? பிடித்ததை எதில் போடுவது?

மரப்பட்டைக்கு அடியில், மக்கிய சருகில், எலி வளையில். சருகைச் சல்லடையில் போட்டு வெள்ளைத் துணிமேல் சலியுங்கள். போலித்தேள் சட்டென்று அசையாமல் நின்றுவிடும், ஐந்து நிமிடம் பொறுத்தால் நகரும். ஈரத் தூரிகையால் ஒற்றி எடுக்கவேண்டும், விரலால் கூடாது. உடலமைப்பைப் பார்க்க 70 சதவீத ஆல்கஹால் போதும். மரபணுவும் வேண்டும் என்றால் 95. இடம், தேதி, எதன் அடியில் கிடைத்தது, பிடித்தவர் யார் என்பதைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ‘பெகு, தோட்டம்’ என்று மட்டும் எழுதி வரும் புட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.