பழனி போய்வந்த ஸ்கூட்டர் எடுக்கும்போது உதறினால் ரோலரை மாற்றலாமா?

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கிறேன். வயது 62. என்னிடம் இருப்பது 110 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டர், 26,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் போனவர்களோடு தண்ணீர் கேனும் மோரும் ஏற்றிக்கொண்டு கூடவே வண்டியில் போய்வந்தேன். வந்ததிலிருந்து வண்டியை எடுக்கும்போது உதறுகிறது. வீட்டில் ஆச்சி பின்னால் உட்கார்ந்தால் உதறல் அதிகம். இருபதைத் தாண்டினால் ஒன்றும் தெரியவில்லை. கனடாவில் இருக்கும் மகன் அங்கே பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வைத்திருக்கிறான். "கிளட்ச் வெயிட்டையும் ஸ்பிரிங்கையும் மாத்துங்கப்பா, சரியாயிரும்" என்கிறான். இங்கே கடையிலும் எடை குறைந்த ரோலர் போட்டால் பிக்கப் வரும் என்கிறார்கள். போடலாமா? பெல்ட் இதுவரை மாற்றியதில்லை.

பதில்: அண்ணே, ரோலரை இப்போதைக்குத் தொடாதீர்கள். இருபதைத் தாண்டினால் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே வந்துவிட்டது. கோளாறு பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் கிளட்ச் ஷூவிலும் அது உரசும் டிரம்மிலும். மகன் சொன்னது அவர் வண்டிக்குச் சரிதான். இரண்டு வண்டியும் ஒரே குடும்பம் என்றாலும், உங்கள் வண்டி உதறும் இடத்தில் இருக்கிற பாகம் அவர் வண்டியில் கிடையாது.

இடது பக்கக் கவரைக் கழற்றினால் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட் தெரியும். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக நிற்கும் இரண்டு தட்டுகள். முன்புல்லி இன்ஜின் சுற்றும் தண்டான கிராங்கில் உட்கார்ந்திருக்கிறது, வேரியேட்டர் என்பது அதைத்தான். அதற்குள் ஆறு ரோலர்கள். இன்ஜின் வேகம் ஏற ஏற ரோலர்கள் சரிவில் வெளிப்பக்கம் ஓடி ஒரு தட்டைத் தள்ளும். இரண்டு தட்டும் நெருங்கும், பெல்ட் விளிம்பை நோக்கி மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது அல்லவா, அதனால் பின்புல்லியில் அதே அளவுக்கு உள்ளே இறங்கும். வண்டி தானே கியர் மாற்றிக்கொள்வது இப்படித்தான். பின்புல்லியை நெருக்கிப் பிடிக்க ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. கூடவே சாய்வாக வெட்டிய பள்ளங்களும் அதில் ஓடும் பின்களும். மேட்டிலோ சுமையிலோ பின்சக்கரம் இழுபட்டால் அந்தச் சாய்வு தட்டுகளை நெருக்கி, பெல்ட்டை மறுபடி வெளியே தள்ளும். கியர் தானே குறையும்.

இதுவரைக்கும் ஸ்னோமொபைலும் ஸ்கூட்டரும் ஒன்றுதான். இந்த ஏற்பாட்டை 1958-லேயே ஹாலந்தின் டாஃப் கம்பெனி காரில் வைத்து அறிமுகப்படுத்தியது. நம் ஊருக்கு 1980-களில் கைனெடிக் ஹோண்டாவோடு வந்தது.

வித்தியாசம் இனிமேல்தான். நம் ஸ்கூட்டரில் நிற்கும்போதும் பெல்ட் இறுக்கமாகவே இருக்கும், பின்புல்லி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு ஒட்டிய மூன்று கிளட்ச் ஷூக்கள், வேகம் கூடும்போது விரிந்து டிரம்மின் உள்சுவரைக் கவ்வும். டிரம் சுற்றினால்தான் சக்கரம் சுற்றும். ஸ்னோமொபைலில் இந்த ஷூவும் டிரம்மும் இல்லை. நிற்கும்போது முன்புல்லியின் தட்டுகள் நன்றாக விலகி நிற்கும், பெல்ட் நடுவில் தளர்வாகக் கிடக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால், நம் ரோலரின் வேலையைச் செய்யும் வெயிட் விரிந்து, தட்டு நெருங்கி, பெல்ட்டையே கவ்வும். அங்கே முன்புல்லிதான் கிளட்ச். அதனால் எந்த வேகத்தில் பிடிக்க வேண்டும் என்பதை வெயிட்டும் முன்ஸ்பிரிங்கும் தீர்மானிக்கின்றன. வண்டி எடுக்கும்போது தகராறு என்றால் உங்கள் மகன் அதைப் பார்ப்பது நியாயம்.

அவர்களுக்கு வெயிட் மாற்ற இன்னொரு காரணமும் உண்டு. மலை ஏற ஏறக் காற்று மெலியும், 300 மீட்டருக்குச் சுமார் மூன்று சதவீதம் இன்ஜின் சக்தி குறையும். சக்தி குறைந்த இன்ஜினால் பழைய வெயிட்டைத் தூக்கி அதே வேகத்தில் சுற்ற முடியாது, எனவே எடையைக் குறைக்கிறார்கள். காரைக்குடி வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குள் இருக்கிறது. நீங்கள் பழனியோடு நிற்காமல் கொடைக்கானலுக்கு ஏறினால் இருபது சதவீதம் போல இழப்பீர்கள். அதற்காக யாரும் இங்கே ரோலர் மாற்றுவதில்லை.

எடை குறைந்த ரோலர் போட்டால் என்ன ஆகும்? பெல்ட் மேலே ஏறத் தாமதமாகும், இன்ஜின் கூடுதல் வேகத்திலேயே கத்திக்கொண்டிருக்கும். எடுத்தவுடன் கொஞ்சம் துள்ளலாகத் தெரியும். அதைத்தான் கடையில் பிக்கப் என்கிறார்கள். மைலேஜ் இறங்கும். உதறல் அப்படியே இருக்கும், ஏனென்றால் உதறும் இடத்தில் நாம் கையே வைக்கவில்லை. கம்பெனி கொடுத்த ரோலரின் எடை, இருவர் ஏறி இங்குள்ள ரோட்டில் போவதற்குப் போதும். பழுதை வைத்துக்கொண்டு டியூனிங் செய்யும் பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

இப்போது பழனி விஷயம். நடப்பவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போவார். உங்கள் வண்டியின் ஷூ டிரம்மை வழுக்காமல் பிடிக்க வண்டி ஏறக்குறைய பதினைந்து, இருபதில் போக வேண்டும். அதற்குக் கீழே ஷூ பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் உரசிக்கொண்டே இருக்கும். குன்றக்குடியிலிருந்து பழனி வரை, கேனும் மோருமாகச் சுமை வேறு. உரசலில் சூடேறி ஷூவின் மேல்பரப்பு கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். வழவழப்பான ஷூ ஒரே சீராகக் கவ்வாது, பிடித்து விட்டு, பிடித்து விட்டு வரும். உதறல் என்று உங்களுக்குத் தெரிவது அதுதான். ஆச்சி ஏறினால் சுமை கூடுகிறது, வழுக்கும் நேரம் நீள்கிறது, உதறலும் நீள்கிறது.

கவரைக் கழற்றச் சொல்லி நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எடுத்த போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்திவைத்தால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். அதைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஷூத் தூளும் பெல்ட் தூளும் கலந்த அது நுரையீரலுக்கு ஆகாது. பையன்கள் வாயாலேயே ஊதுவார்கள், விடாதீர்கள்.

டிரம்மைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் உள்சுவரைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் கடும் சூடு பட்டிருக்கிறது. நகத்தை வைத்து இழுங்கள், பள்ளத்தில் நகம் சிக்கினால் டிரம்மை மாற்றிவிடுவது நல்லது. ஷூவின் லைனிங், அதாவது டிரம்மில் உரசும் மேல்பட்டை, போதிய கனம் இருந்து வெறும் பளபளப்பு மட்டும்தான் என்றால், 100-ஆம் நம்பர் உப்புத்தாளால் மூன்று ஷூவையும் ஒரே அளவுக்குத் தேய்த்துப் பளபளப்பை எடுத்தால் போதும். டிரம்மின் உள்பக்கத்தையும் லேசாகக் குறுக்குவாட்டில் தேய்க்க வேண்டும். பிறகு பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, விரல் படாமல் பூட்ட வேண்டும். லைனிங் தேய்ந்து கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே போயிருந்தால் ஷூவும் அதன் சிறு ஸ்பிரிங்குகளும் செட்டாகப் புதிது. ஒன்றை மட்டும் மாற்றினால் மூன்றும் ஒரே நேரத்தில் பிடிக்காது, உதறல் திரும்ப வரும்.

எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கதை வேறு. கிராங்க் ஆயில் சீலோ, கியர் பாக்ஸ் சீலோ, பின்புல்லி கிரீஸை அடைக்கும் ரப்பர் வளையமோ விட்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஷூ மாற்றுவது காசைக் கரைப்பது.

இவ்வளவு தூரம் திறந்த பிறகு ரோலரைப் பார்க்காமல் மூட வேண்டாம். முன்புல்லியைப் பிரித்து ஒவ்வொரு ரோலரையும் விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். நல்ல ரோலர் வழுக்கிக்கொண்டு உருளும். தேய்ந்தது ஒரு பக்கம் தட்டையாகி, அந்த இடம் வந்ததும் விரலில் நின்றுவிடும். அப்படிப்பட்டது வண்டிக்குள்ளும் உருளாமல் இழுபடும். முப்பது, நாற்பதில் ஒரு வெட்டு, ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் ஒரு தடுமாற்றம் என்று அதற்கான அறிகுறி வேறு. மாற்றினால் ஆறையும் அதே கிராமில் மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தட்டைத் தாங்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் மூன்று இருக்கும், அவை தேய்ந்தால் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் இன்ஜின் ஓடும்போது, கடகடவென்று சத்தம் கொடுக்கும். விலை சொற்பம், கூடவே மாற்றிவிடலாம். ரோலருக்கு கிரீஸ் உண்டா இல்லையா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனி வேண்டும் என்று சொல்லாத வண்டியில் வைக்கக் கூடாது, பெல்ட்டில் தெறித்தால் அதோடு பெல்ட் கெட்டது.

டாப் ஸ்பீடு குறைந்திருக்கிறதா என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால், ஸ்னோமொபைல்காரர்களும் ஸ்கூட்டர் ரேஸ்காரர்களும் செய்யும் ஒரு சோதனை உண்டு. முன்புல்லித் தட்டைத் துடைத்துவிட்டு, பெல்ட் படும் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கவரை மூடி, கூட்டம் இல்லாத நேரத்தில் திருச்சி ரோட்டில் நன்றாக ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுத் திறந்தால், பெல்ட் ஏறிய உயரம் வரை கோடு அழிந்திருக்கும். விளிம்பை ஒட்டி அழிந்திருந்தால் முழு கியரும் கிடைக்கிறது. நடுவழியில் நின்றிருந்தால் ரோலர் தட்டையாகிவிட்டது, அல்லது பெல்ட்டின் அகலம் குறைந்துவிட்டது.

பெல்ட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரும்பாலான கம்பெனிகள் 20,000 முதல் 24,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கின்றன. உங்களுடையது 26,000. வெர்னியர் அளவுகோலில் அகலத்தை அளந்து, பற்களுக்கு நடுவே வளைத்து வெடிப்பு பார்ப்பது வழக்கம். உங்கள் கணக்குக்கு அதுகூட வேண்டாம், மாற்றிவிடுங்கள். பார்ட் நம்பரைச் சொல்லிக் கம்பெனி பெல்ட்டையே வாங்குங்கள். பெல்ட்டின் முதுகில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைக் காட்ட வேண்டும்.

பெல்ட்டைப் பூட்டும்போது மெக்கானிக்கின் கையைக் கவனியுங்கள். முதலில் பின்புல்லியின் தட்டுகளை விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் தளர்வு கிடைக்கும். அவசரத்தில் இதைச் செய்யாமல் முன்நட்டை முடுக்கினால், தட்டுகளுக்கு நடுவே பெல்ட் மாட்டிக்கொண்டு நட்டு இறுகியதுபோல் ஏமாற்றும். ஓடும்போது பெல்ட் நழுவி இடம் விட, நட்டு லூசாகி, கிராங்க்கின் பற்களையே தின்றுவிடும். அந்தச் செலவு பெல்ட் விலையைப் போலப் பல மடங்கு. நட்டைத் திருக, புல்லியின் விசிறி இதழ்களுக்கு இடையே ஸ்குரூடிரைவரைக் குத்தித் தடுப்பவர் இருந்தால் அந்தக் கடையை மாற்றுங்கள். அதற்கென்று பிடிப்பான் இருக்கிறது, நட்டைச் சொன்ன அளவுக்கு முடுக்க டார்க் ரெஞ்ச் இருக்கிறது.

நம் பக்கத்துக்கென்று ஒன்று. பல வண்டிகளில் பெல்ட்டைக் குளிரவைக்கக் காற்று உள்ளே போகும் வழியில் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர் இருக்கும். செம்மண் புழுதியும், புதுவயல் அரிசி ஆலைப் பக்கம் போய்வருபவர்களுக்கு உமித்தூசியும் அதை அடைத்துவிடும். காற்று இல்லாமல் பெல்ட்டும் ஷூவும் வெந்துபோகும். சர்வீசில் அதைக் கேட்டுச் சுத்தம் செய்ய வையுங்கள், பலர் தொடுவதே இல்லை. வாட்டர் வாஷில் அந்த வாய்க்கு நேராகப் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

சரிசெய்த பிறகும் உதறினால் இரண்டு இடம் பாக்கி. ஐடிலிங் அதிகமாக வைத்திருந்தால் நிற்கும்போதே ஷூ டிரம்மைத் தொட்டு உரசும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக் பிடித்து விட்ட பிறகும் பின்சக்கரம் வேகமாகச் சுற்றினால் இதைச் சந்தேகியுங்கள். மற்றொன்று பின்புல்லிக்குள் இருக்கும் பேரிங்கும் காய்ந்த கிரீஸும்.

அடுத்த தைப்பூசத்துக்கும் தண்ணீர் கொண்டுபோவீர்கள், அதைத் தடுக்கவில்லை. கூட்டத்தோடு ஊர்ந்து போகாமல், முப்பதில் ஒரு கிலோமீட்டர் முன்னால் போய் நிழலில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அவர்கள் வந்து குடித்துவிட்டுப் போன பிறகு அடுத்த கிலோமீட்டர். மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரைத் திருகி வண்டியைத் தாங்கிப் பிடிப்பதும் ஷூவைத்தான் எரிக்கும், அதற்குப் பிரேக் இருக்கிறது. மகன் தன் வண்டியில் உதிரி பெல்ட் ஒன்றைக் கூடவே வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். ஸ்னோமொபைலில் அறுந்த பெல்ட்டைப் பனிக்கு நடுவே நின்று கையாலேயே மாற்றிவிடலாம். நம் ஸ்கூட்டரில் வழியில் அறுந்தால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும், அதனால் புது பெல்ட் போட்ட கிலோமீட்டரை சீட்டுக்கு அடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள்.